முன்னால் மட்டும் போகும் சீட்

அவரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி மூன்று அங்குலம். எந்த வாசலிலும் குனிந்து நுழைந்தே பழகிப்போனதால், குனியத் தேவையில்லாத வாசலிலும் குனிவார். பார்க்கிறவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி பணிவுதான். மீதி, சின்ன வயதிலிருந்து நெற்றியில் வாங்கிய அடி.

ஏணி கார் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே இடம், ஒரே முதலாளியம்மா. அந்த அம்மாள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. தனியாக இருப்பவர். மகன் வெளிநாட்டிலிருந்து தினமும் ஃபோன் செய்வான். காலையில் வீட்டிலிருந்து கல்லூரி, மத்தியானம் கல்லூரியிலிருந்து வீடு, சாயங்காலம் நூலகமோ மருந்துக்கடையோ. இவ்வளவுதான் வேலை. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஏணி ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. ஒரு தடவைகூட ஒரு பொய் சொன்னதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அந்த அம்மாளிடம் அவர் எதையும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

ஒரு தடவை கடைவாய்ப்பல் வீங்கி, கன்னத்தில் பந்து வைத்தமாதிரி ஆகிவிட்டது. லீவு கேட்பாரா? மாட்டார். வீங்கின கன்னத்தைக் கண்ணாடிப் பக்கம் காட்டாமல் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டே நான்கு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் பேராசிரியையே பார்த்துவிட்டு, "வண்டியைப் பல் டாக்டர்கிட்ட விடுங்க" என்றார். யாருக்குப் பல்வலி என்று தெரியாமலே விட்டார் இவர். டாக்டர் வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றபோதுதான், உள்ளே போக வேண்டிய ஆள் தான்தான் என்று புரிந்தது.

"வாயைத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்று மனைவி கேட்பாள். அவரோ, கேட்காமல் இருப்பதைத் தன் மானத்தோடு சேர்த்து முடிபோட்டு வைத்திருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்கிற வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

மனைவி அவர் நெஞ்சுயரம்கூட வரமாட்டாள். இருவரும் தெருவில் சேர்ந்து நடந்தால் ஒருத்தரைப் பார்த்துவிட்டு இன்னொருத்தரைத் தேட வேண்டியிருக்கும். அவளுக்கு மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி பழுதுபார்க்கிற கடையில் வேலை. கைராசிக்காரி. வாடிக்கையாளர்கள் அவளை 'மிக்ஸி டாக்டர்' என்பார்கள். அவளும் டாக்டர் மாதிரிதான், மிக்ஸியைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ராத்திரி ஊறவெச்சத அப்படியே போட்டு அரைச்சிருக்கீங்க, பொய் சொல்லாதீங்க" என்று அதட்டுவாள். கடைக்காரர் வீடு வீடாகப் போய்ப் பழுதுபார்க்க ஒரு சின்ன வேன் வாங்கினார். "லைசென்ஸ் எடுத்துட்டு வாம்மா, வேன் உன் பொறுப்பு" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் சங்கடம் உயரம். அங்கிருந்த பழைய காரில் சீட் உயராது. தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு ரோடு தெரிந்தது, கால் பிரேக்குக்கு எட்டவில்லை. தலையணையை எடுத்தால் கால் எட்டியது, ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மூன்றாவது நாள் பயிற்சியாளன் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க அளவுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்றான்.

வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போல நேரே அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் கேள்விப்பட்ட ஏணிக்கு முணுக்கென்று கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் யாரிடம் காட்டுவதென்று தெரியாது. கோபத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பேராசிரியையின் காரில் இருந்த டிரைவர் சீட் அவர் ஞாபகத்துக்கு வந்தது.

அது பட்டனில் இயங்குகிற சீட். பக்கவாட்டில் இரண்டு பட்டன்கள். படுத்திருப்பது உட்காருமிடத்துக்கு, நின்றிருப்பது முதுகுக்கு. படுத்த பட்டனைப் பின்னால் தள்ளினால் சீட் ஒரு முனகலோடு பின்னால் போகும்; முன்னால் தள்ளினால் முன்னால்; மேலே தூக்கினால் உயரும். நான்கு வருடம் முன்னால் இந்தக் கார் வந்த அன்று, சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்த ஏணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வண்டிக்குள் அவர் கால் முழுதாக நீண்டது அதுதான் முதல்முறை. அந்த நன்றியில் தினமும் காலையில் ஷாம்பு தண்ணீரில் துணியை நனைத்து, கண்ணாடி, டேஷ்போர்டு, சீட், பட்டன் என்று ஓர் இடம் விடாமல் துடைப்பார். வேறு வேலையில்லாத பொழுதெல்லாம் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவி, பாட்டரி இறங்காமல் இருக்க ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துவது பேராசிரியையே வைத்த வழக்கம். அந்த ஒரு சுற்று எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஞாயிறு அது ஏணியின் வீட்டுப் பக்கம் போனது. பழைய மில்லுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத நீளமான சாலை. மனைவி பழகுநர் உரிமத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினாள். பட்டனை முன்னால் தள்ளி, மேலே தூக்கினாள். சீட் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் சரியாக வைத்தது. கால் எட்டியது. ரோடும் தெரிந்தது.

"எனக்கு அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குங்க" என்றாள்.

மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாமே என்று அவளும் சொன்னாள். ஏணி "பாத்துக்கலாம்" என்றார். அந்தப் 'பாத்துக்கலாம்' அவர் வாயில் வந்தால் அந்த விஷயம் அத்தோடு சரி.

மூன்று ஞாயிறுகள் ஒரு குறையும் இல்லை. அவள் கியர் மாற்றக் கற்றுக்கொண்டாள், ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டாள், பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற கணவனைப் பார்க்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டாள். நான்காவது ஞாயிறு, ஓட்டி முடித்து அவள் இறங்கினாள். ஏணி சீட்டைத் தன் அளவுக்குத் தள்ள வெளியே நின்றபடியே பட்டனைப் பின்னால் அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். சீட் அசையவில்லை.

ஃபியூஸ் போயிருக்குமோ என்று சாய்மானத்துப் பட்டனை அழுத்தினார். சாய்மானம் சமர்த்தாகச் சாய்ந்தது. மேலே கீழே அழுத்தினார். சீட் இறங்கியது. அப்போ மோட்டார்தான் போச்சோ என்று சோதிக்க, பட்டனை முன்னால் தள்ளிப் பார்த்தார். சோதனை நன்றாகவே முடிந்தது. சீட் உற்சாகமாக இன்னும் நான்கு விரற்கடை முன்னால் போய் நின்றுகொண்டது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"டெஸ்ட் பண்ணேன்."

"இனிமே டெஸ்ட் பண்ணாதீங்க. கண்ணாடிக்கு வெளிய போயிடும்."

அன்று அவர் அந்தக் காரைப் பேராசிரியை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோய் விட்டார் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் காதுபோல நின்றன. தலை கூரையில் இடிக்காமல் இருக்கச் சாய்மானத்தை நோயாளிக் கட்டில்போலச் சாய்த்துக்கொண்டார். வளைவில் திரும்பும்போது முதலில் முழங்காலை நகர்த்திவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தது. வழியில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினார். சீட்டையே கழற்ற வேண்டும், வண்டியை மூன்று நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றான் அவன். கம்பெனி சர்வீஸ் என்றால், முதல் வேலையாக அவர்கள் மேடத்துக்குத்தான் ஃபோன் போடுவார்கள். 'உங்க டிரைவர் சீட் ஒரு சின்ன உருவத்துக்கு செட் ஆகி நிக்குது மேடம்' என்று ஒரு குரல் சொல்வதுபோல ஏணிக்குக் கேட்டது.

வேலை போய்விடும் என்பதுகூடப் பெரிய பயமில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மீட்டரைக் குனிந்தும் பார்க்காத ஒரு அம்மாள். அவர் ஒரு நாள் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டால், அதற்கப்புறம் அங்கே வேலை இருந்தென்ன, போயென்ன?

திங்கட்கிழமை காலை பேராசிரியை கைத்தடியோடு வந்தார். அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை மடக்க முடியாமல், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் குறுக்காக உட்கார்ந்து வருவார். அன்று ஏறி உட்கார்ந்தவர் காலை நீட்டினார். நீண்டுகொண்டே போனது. முன்சீட் எங்கேயோ இருந்தது.

"அட" என்றார். அப்புறம் பக்கவாட்டில் எட்டி, ஸ்டியரிங்குக்கு இருபுறமும் நின்ற ஏணியின் முழங்கால்களைப் பார்த்தார். "எனக்காகவா சீட்டை இவ்வளவு முன்னாடி போட்டிருக்கீங்க?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. ஏணி அந்த நொடியை விட்டுவிட்டார். தலை மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் லேசாக அசைந்தது. பேராசிரியை அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க எப்படி ஓட்டுவீங்க? பின்னாடி தள்ளிக்குங்க."

"பரவால்லீங்க மேடம். சௌகரியமாத்தான் இருக்கு."

இதுதான் அவர் சொன்ன முதல் பொய். சொல்லி முடித்ததும் சிக்னலில் பிரேக் போட, முழங்கால் ஹாரனில் பட்டு வண்டி பாம் என்று அலறியது. முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரன் திரும்பி முறைத்தான்.

அந்த வாரம் முழுக்க ஏணி அந்த முழங்கால்களோடும் அந்தப் பொய்யோடும் ஓட்டினார். பேராசிரியை தினமும் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாக வந்தார். வெள்ளிக்கிழமை இறங்கும்போது, "இந்த ஒரு வாரத்துல வலி பாதி கொறைஞ்சிருக்கு, உங்களாலதான்" என்றார். ஏணி அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டு வாங்கினால் தாங்கிக்கொள்கிற மனிதர் அவர். பாராட்டு அவருக்குச் செரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மில்லுக்குப் பின்னால் மரநிழலில் கார் நின்றது. மனைவி கடையிலிருந்து தன் டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். முதலில் பட்டனை அழுத்தவே இல்லை. கணவனிடம் நோயாளியை விசாரிப்பதுபோல விசாரித்தாள்.

"முன்னாடி போகுது. பின்னாடி போகல. அப்படித்தானே?"

"ஆமா."

"ஒரே மோட்டார்தானே ரெண்டு பக்கமும் தள்ளுது? அப்போ மோட்டார்மேல தப்பில்ல. ஃபியூஸும் இருக்கு. மிக்ஸியில ஒண்ணாம் நம்பர் ஓடும், ரெண்டாம் நம்பர் ஓடாதுன்னு வந்தா நான் மோட்டாரையா கழட்டறேன்? ஸ்விட்சைத்தான் கழட்டுவேன்."

சீட்டுக்கடியில் ஏர்பேக் ஒயர் போகிறது, அதில் விளையாடக்கூடாது என்பது ஏணிக்குத் தெரியும். அது அவருடைய பகுதி. பானெட்டைத் திறந்து பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றினார். கால் மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்றார். இருவரும் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தார்கள். நடுநடுவே அவர் மணி பார்த்தார்.

"யாராவது வர்றாங்களான்னு பாக்கறீங்களா?"

"இல்ல. பாட்டரி கழட்டினா வண்டிக் கடிகாரம் நின்னுடும். மேடம் அத அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடற மாதிரி வெச்சிருப்பாங்க. மறுபடி அதேமாதிரி வைக்கணும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திருட்டுத்தனம் செய்கிறபோதும் இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஆளை என்ன செய்வது?

வேலையைத் தொடங்கினாள். இரண்டு பட்டன்களையும் வெளிப்பக்கமாக இழுத்தாள். டக் டக்கென்று கழன்று வந்தன. பக்கவாட்டு மூடியைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களில் ஒன்று சீட்டின் பின்பக்கம் இருந்தது. சீட் முன்னால் போய் மாட்டிக்கொண்டதில் ஒரே ஒரு லாபம், அந்த ஸ்க்ரூ கைக்கு எட்டியது. மூடியை நெம்பி எடுத்தாள். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ஸ்விட்ச். ஒயர் கொத்தை அதிலிருந்து உருவி, மடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்து மெல்லத் திறந்தாள். அவள் திறந்த விதத்தில் ஏணிக்கு ஏனோ பெருமையாக இருந்தது. ஆனால் டார்ச் அடிக்கச் சொன்ன இடத்தில் அடிக்காமல் அவள் முகத்தில் அடித்துத் திட்டு வாங்கினார்.

உள்ளே செப்புத் தகடுகள் வரிசையாக இருந்தன. இரண்டு மூன்று பளபளவென்று. ஓரத்துத் தகடு மட்டும் பாசி பிடித்ததுபோலப் பச்சையாக, நுனியில் கரியோடு.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். "ஷாம்பு வாசனை வருது."

ஏணி திருதிருவென்று விழித்தார்.

"பட்டன் இடுக்குல தினமும் ஈரத்துணி போட்டீங்களா?"

"தூசி இருக்கக்கூடாதுன்னு..."

"நாலு வருஷமா தொட்டுத் தொட்டு சோப்புத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. நான் ஓட்டினதால கெட்டதுன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. கடைசில நீங்க தொடைச்சுத் தொடைச்சே கெடுத்து வெச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, சத்தம் போடாமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார்.

பச்சையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாள். கரியை ரப்பரால் அழித்தாள், பள்ளிப்பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கை அழிப்பதுபோல. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எல்லாத் தகடுகளையும் துடைத்து, காயவிட்டு, குச்சிமுனையில் துளி கிரீஸ் வைத்தாள். மறுபடி மூடும்போது கடுகளவு ஸ்ப்ரிங் ஒன்று டிங்கென்று துள்ளி எங்கோ போனது. சீட்டுக்கடியில் தேடினார்கள், மிதியடியை உதறினார்கள், இந்தப் பெரிய மனிதர் ரோட்டில் குப்புறப் படுத்து வண்டிக்கடியில் ஊதி ஊதித் தேடினார். கால் மணி நேரம் கழித்து அவள் அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். ஸ்ப்ரிங் அவர் சட்டைப் பையின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது.

எல்லாம் பூட்டி, பாட்டரி முனையை மாட்டியதும், "நீங்களே அழுத்துங்க" என்றாள்.

ஏணி பட்டனைப் பின்னால் தள்ளினார். உம்ம்ம் என்று அந்த முனகல். சீட் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய், கடைசியில் ஒரு குலுங்கலோடு நின்றது. அவர் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டினார். ஒரு வாரமாக மடங்கிக் கிடந்த முழங்கால் சொடுக்கியது. அவள் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எட்டு நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தார்.

"முடிஞ்சுது. இனிமே யாருக்கும் தெரியாது" என்றாள்.

"ம்" என்றார்.

கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் ஓடும்படி வைத்தார். வண்டியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பட்டனை முன்னால் தள்ளினார். சீட் முன்னால் போனது. பேராசிரியையின் கால் நீளுகிற அளவுக்கு, தன் முழங்கால் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இப்போ எதுக்கு?"

"நாளைக்கு அவங்க கால நீட்டணும்ல? எனக்காகத்தான் செஞ்சான்னு நெனைச்சிட்டு இருக்காங்க. இனிமேயாவது அது நெஜமா இருக்கட்டும்."

அவள் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்த முழங்கால் நின்ற உயரத்துக்கு அவள் அதிகம் எட்ட வேண்டியிருக்கவில்லை. அன்று அவள் ஓட்டிப் பழகவில்லை.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து திரும்பும்போது பேராசிரியைக்கு மகனிடமிருந்து ஃபோன் வந்தது. அவர் காலை நீட்டிக்கொண்டு பேசினார். "வலியா? ரொம்பப் பரவால்லடா. எல்லாம் நம்ம டிரைவராலதான். நான் சொல்லவேயில்ல, அவரா பாத்து சீட்ட முன்னாடி தள்ளிக்கிட்டு, முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டறாரு. இந்தக் காலத்துல யாருடா இப்படி? அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான், கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."

அந்த வளைவு, அந்தப் பாலம், அந்த சிக்னல் எல்லாம் எப்படித் தாண்டினார் என்று ஏணிக்கே தெரியாது. வீட்டு போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து பின்கதவைத் திறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், நான் உங்களுக்காக சீட்ட தள்ளல."

ஆரம்பித்த பிறகு அது தானாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள், மில் சாலை, மனைவியின் உயரம், பயிற்சியாளன் சொன்னது, சீட் நின்றுபோனது, ஸ்விட்சைப் பிரித்தது, ஷாம்பு, பச்சை எல்லாம் சொன்னார். வரிசை தப்பித் தப்பித்தான் சொன்னார். ஆனால் ஒன்றையும் விடவில்லை.

பேராசிரியை கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எத்தனை ஞாயித்துக்கெழமை?" என்றார்.

"நாலு மேடம். அஞ்சாவது ரிப்பேருக்கு."

"ஸ்விட்ச பிரிச்சு சரிபண்ணது உங்க வீட்டம்மாவா?"

"ஆமா மேடம்."

"செம்பு ஏன் பச்சையாச்சுன்னா, ஈரத்துல இருக்கற..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். கைத்தடியை ஊன்றித் தானே கதவைத் திறந்து இறங்கினார். ஏணியும் பதறி இறங்கினார். பேராசிரியை கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

இருபத்திரண்டு வருடம் அந்தச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்து அந்த இடத்தில் துணியே தேய்ந்திருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

"எனக்குக் கோவம் வண்டிய எடுத்ததுக்கு இல்ல" என்றார் பேராசிரியை. "இத்தனை வருஷத்துல நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. நான் அத உங்க நல்ல குணம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். இப்போ யோசிச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. கேக்க முடியாத ஆளாவா நான் இருந்தேன்?"

"ஐயோ, அப்படியில்ல மேடம்."

"அப்போ இப்ப கேளுங்க. அன்னைக்குக் கேட்டிருக்க வேண்டியத இப்ப கேளுங்க. கேட்டாத்தான் சாவி."

ஏணி நிமிர்ந்தார், குனிந்தார், தொண்டையைச் செருமினார். ஒரு சின்னக் கேள்வி. ஸ்கூல் பிள்ளைகள்கூடக் கையைத் தூக்கிக் கேட்டுவிடும். அவருக்கு அது நெஞ்சிலிருந்து வாய்க்கு வருவதற்குள் வியர்த்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமைல... என் வீட்டுக்காரிக்கு ஓட்டிப் பழக... வண்டிய எடுத்துக்கட்டுமா மேடம்?"

"எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். சாவி திரும்ப அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேற?" என்றார் பேராசிரியை.

"வேற ஒண்ணுமில்ல மேடம்."

"இருபத்திரண்டு வருஷத்துல வேற ஒண்ணுமே இல்லையா?"

ஏணி தரையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். ஒரு தடவை வாய் திறந்தவருக்கு அது மூடவில்லை போலிருக்கிறது.

"இங்க போர்ட்டிகோவுல ஒரு நாற்காலி இருந்தா நல்லாருக்கும் மேடம்."

பேராசிரியைக்குப் புரியவில்லை. "இத்தனை நாள் எங்க உக்காந்துக்கிட்டு இருந்தீங்க?"

"உக்காரல மேடம். வண்டிக்குள்ள சும்மா உக்காந்தா தூங்கறான்னு நெனைப்பாங்க. படியில உக்காந்தா வர்றவங்க போறவங்களுக்கு எடஞ்சல். நின்னுக்கிட்டு இருக்கறது தெரியக்கூடாதுன்னுதான் தொடைச்சுக்கிட்டே இருப்பேன்."

பேராசிரியை போர்ட்டிகோவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தூண், ஒரு குழாய், ஒரு வாளி, காயப்போட்ட ஒரு துணி. தினமும் நான்கு தடவை அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறார். தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. ஏணி எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையின் கனமான மர நாற்காலி ஒன்றை, ஒரு கையில் தடியும் மறுகையில் நாற்காலியுமாக, ஆபரேஷன் செய்த காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து அந்த அம்மாள் இழுத்துக்கொண்டு வந்தார். ஏணி ஓடினார்.

"நீங்க தொடாதீங்க" என்றார் பேராசிரியை, வகுப்பில் பேசுகிற குரலில்.

வாசற்படியில் நாற்காலியை இறக்கும்போது மட்டும் ஒரு நொடி தடுமாறினார். ஏணியின் கை தானாக நீண்டது. பார்த்த பார்வையில் திரும்பிப் போனது. தூணுக்குப் பக்கத்தில், வெயில் விழாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"உக்காருங்க."

அவர் நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று ஏணி தயங்கினார். அந்த அம்மாள் நகர்வதாகக் காணோம். கடைசியில் உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக.

"நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார் பேராசிரியை. அவர் சாய்ந்து உட்காருகிறவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.